அடுக்களையில் தொடங்கும் தெலுங்கு: வேற்றுமொழியை வீட்டிலிருந்தே கற்க 27 குறிப்புகள்

எலும்பு முறிந்தால் 'புத்தூர் கட்டு' என்று தமிழ்நாட்டில் எல்லோரும் சொல்வார்கள். அந்தப் புத்தூருக்குப் பக்கத்தில், அருணா நதிக்கரையில் இருக்கிறது நாராயணவனம். ஆகாசராஜன் மகள் பத்மாவதிக்கும் சீனிவாசருக்கும் கல்யாணம் நடந்த ஊர் என்று தல புராணம் சொல்லும் ஊர் இது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை இந்தப் பக்கம் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கும் சத்தியவேடு ஆந்திராவுக்கும் போயின. 2022இல் திருப்பதி மாவட்டம் வந்தது. எல்லைக் கோடு எத்தனை முறை மாறினாலும் பெண் கொடுப்பதும் எடுப்பதும், தறி வேலைக்கு வருவதும் போவதும் நிற்கவில்லை.

திருத்தணி, அரக்கோணம், திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வாழ வருபவர்களுக்கு முதல் தேவை தெலுங்கு. வகுப்புக்குப் போக நேரம் இருக்காது. சொல்லித்தர ஆள் கிடைப்பதும் அரிது. ஆனால் வீட்டு வேலைகளோடு சேர்த்துக் கட்டிவிட்டால் எந்த மொழியும் தங்கிவிடும் என்பது என் உறுதியான நம்பிக்கை. அதற்கான வழிகள் இதோ.

1. ஒரு வேலைக்கு ஒரு பயிற்சி: 'நேரம் கிடைக்கும்போது படிப்பேன்' என்றால் நேரம் கிடைக்கவே கிடைக்காது. தினமும் எப்படியும் செய்கிற வேலைகளுக்குத் தலா ஒரு பயிற்சியை ஒதுக்குங்கள். காபி போடும்போது வானொலி, காய் நறுக்கும்போது காய்களின் பெயர், பஸ்ஸில் பெயர்ப் பலகை, படுக்கும் முன் சொல் அட்டை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து படிப்பதைவிட, தினமும் கால் மணி நேரமாக இரண்டு முறை படிப்பது நிலைத்து நிற்கும்.

2. முதலில் காது: தொடக்கத்தில் சில வாரங்கள் புரிகிறதா என்று கவலைப்படாமல் கேளுங்கள். ஆகாசவாணி தெலுங்குச் செய்திகள் நல்ல தொடக்கம். உச்சரிப்பு திருத்தமாக இருக்கும். நிறுத்தி நிதானமாக வாசிப்பார்கள். அதே செய்தியைத் தமிழில் ஏற்கெனவே கேட்டுவிட்டு உட்கார்ந்தால், ஊர்ப் பெயர்களையும் ஆள் பெயர்களையும் பிடித்துக்கொண்டே பாதி விஷயத்தை ஊகித்துவிடலாம்.

3. ஏற்கெனவே தெரிந்த தெலுங்கைத் தோண்டி எடுங்கள்: திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜர் பாடியது தெலுங்கில். தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) பாடியதும் தெலுங்கில். எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய அன்னமாச்சாரியார் கீர்த்தனைகள் ஒலிக்காத தமிழ் வீடு குறைவு. எந்துகு (ஏன்), எவரு (யார்), எப்புடு (எப்போது), நாகு (எனக்கு), நின்னு (உன்னை) போன்ற சொற்கள் அவற்றில் திரும்பத் திரும்ப வரும். உங்களுக்கு மனப்பாடமான ஒரு கீர்த்தனையை எடுத்து, தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லுக்குச் சொல் பொருள் கேட்டு எழுதி வையுங்கள். காதில் பல வருடம் இருந்த சொற்களுக்கு அர்த்தம் கிடைத்ததும் வாயில் தானாக வரும்.

4. ஒரே கதை, இரண்டு மொழி: 1957இல் வந்த 'மாயாபஜார்' தெலுங்கிலும் தமிழிலும் எடுக்கப்பட்டது. இரண்டிலும் என்.டி. ராமாராவ்தான் கிருஷ்ணர், எஸ்.வி. ரங்காராவ்தான் கடோத்கசன், தமிழில் வத்ஸலாவாகவும் தெலுங்கில் சசிரேகாவாகவும் வருபவர் சாவித்திரிதான். 1955இல் வந்த 'மிஸ்ஸியம்மா'வும் தெலுங்கில் 'மிஸ்ஸம்மா'வாக உண்டு. முதலில் ஒரு காட்சியைத் தமிழில் பாருங்கள். உடனே அதே காட்சியைத் தெலுங்கில் பாருங்கள். பிறகு கண்ணை மூடி, தெலுங்கில் கேட்க மட்டும் செய்யுங்கள். முழுப் படமும் வேண்டாம்; ஒரு நாளைக்கு ஒரு காட்சி போதும். புதிய படங்களின் பேச்சு வேகமாக இருந்தால் யூடியூப்பில் வேகத்தை 0.75 என்று குறைத்துக்கொள்ளலாம்.

5. காப்பாற்றும் ஐந்து வாக்கியங்கள்: இலக்கணத்துக்கு முன்னால் இவற்றை மனப்பாடம் செய்யுங்கள். 'நாகு தெலுகு கொஞ்செம் வச்சு' (எனக்குத் தெலுங்கு கொஞ்சம் தெரியும்), 'நேர்ச்சுகுண்டுன்னானு' (கற்றுக்கொண்டிருக்கிறேன்), 'மெல்லகா செப்பண்டி' (மெதுவாகச் சொல்லுங்கள்), 'மள்ளீ செப்பண்டி' (மறுபடி சொல்லுங்கள்), 'தீன்னி தெலுகுலோ ஏமண்டாரு?' (இதைத் தெலுங்கில் என்ன சொல்வார்கள்?). கடைசி வாக்கியம் ஒன்று போதும், தெருவில் பார்க்கிறவர் எல்லோரும் உங்களுக்கு ஆசிரியர்தான்.

6. டப்பாக்களுக்குப் பெயர் ஒட்டுங்கள்: அஞ்சறைப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். கடுகு ஆவாலு, சீரகம் ஜீலகர்ர, வெந்தயம் மெந்துலு, மஞ்சள் பசுப்பு. பிறகு அரிசி பிய்யம், துவரம்பருப்பு கந்திபப்பு, உளுத்தம்பருப்பு மினபப்பு, பாசிப்பருப்பு பெசரபப்பு, கடலைப்பருப்பு செனகபப்பு. புளி சிந்தபண்டு, வெல்லம் பெல்லம், எண்ணெய் நூனெ. சீட்டில் தெலுங்குப் பெயரை மட்டும் எழுதுங்கள். தமிழையும் சேர்த்து எழுதினால் கண் தமிழையே படிக்கும். டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது வீட்டு விதியாக இருக்கட்டும். பெயர் பழகிவிட்டால் சீட்டைக் கிழித்துவிடுங்கள்.

7. உள்ளூர்ச் சொல்லுக்கு முதலிடம்: புத்தகத்தில் உருளைக்கிழங்குக்கு 'பங்காளதும்ப' என்று இருக்கும், சித்தூர்ப் பக்கத்துச் சந்தையில் 'உர்லகட்ட' என்பார்கள். வெங்காயம் புத்தகத்தில் 'உல்லிபாய', இங்கே 'எர்ரகட்ட'. வேர்க்கடலை புத்தகத்தில் 'வேருசெனக', ராயலசீமையில் 'செனக்காயலு'. சுரைக்காய்க்குக் கடலோர ஆந்திரத்தில் 'ஆனபகாய' என்றும் சொல்வார்கள், இங்கே 'சொரகாய'தான். நாராயணவனத்துச் சித்தர் சொரகாயல சுவாமியின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. உங்கள் நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள்: பேசுவதற்கு உள்ளூர்ச் சொல், படிப்பதற்குப் புத்தகச் சொல்.

8. காய்கறிக் கடை ஒரு வகுப்பறை: 'இதி எந்த?' என்றால் 'இது எவ்வளவு?' என்று பொருள். 'தக்கிஞ்சண்டி' என்றால் விலையைக் குறையுங்கள். 'அர கிலோ இவ்வண்டி' என்றால் அரைக் கிலோ கொடுங்கள். 'சாலு' என்றால் போதும். ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு புதிய காயின் பெயரைத் தெரிந்துகொண்டு வாருங்கள்: கத்தரிக்காய் வங்காய, வெண்டைக்காய் பெண்டகாய, பாகற்காய் காகரகாய, பீர்க்கங்காய் பீரகாய, புடலங்காய் பொட்லகாய. கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போனால் கடைக்காரருக்கும் திருத்திச் சொல்லப் பொறுமை இருக்கும்.

9. எண்களைக் காசில் பழகுங்கள்: ஒகடி, ரெண்டு, மூடு, நாலுகு, ஐது, ஆறு, ஏடு, எனிமிதி, தொம்மிதி, பதி. பத்து வரை ஒரே நாளில் வந்துவிடும். இரவை (20), முப்பை (30), நலபை (40), யாபை (50), வந்த (100) அடுத்த நாள். இரவு வீட்டுக் கணக்கு எழுதும்போது செலவுத் தொகைகளைத் தெலுங்கில் வாய்விட்டுப் படியுங்கள். ஆட்களை எண்ணும்போது மட்டும் தனிச் சொற்கள் உண்டு: ஒக்கரு, இத்தரு, முக்குரு, நலுகுரு. தமிழில் ஒருவர், இருவர், மூவர் என்பதைப் போலத்தான்.

10. உறவு முறைகளை முதல் வாரத்திலேயே: புகுந்த வீட்டில் சொல் தவறக் கூடாத இடம் இது. அண்ணி வதின, நாத்தனார் ஆடபடுசு, கொழுந்தன் மரிதி, ஓர்ப்படி தோடிகோடலு, மருமகள் கோடலு, மருமகன் அல்லுடு, சித்தி பின்னி, பெரியம்மா பெத்தம்ம, தங்கை செல்லெலு. மாமியாரும் அத்தையும் ஒரே சொல்தான்: அத்த. மரியாதைக்கு 'காரு' சேர்த்து 'அத்தகாரு' என்பார்கள். பாட்டியை ராயலசீமையில் 'அவ்வ' என்பார்கள். குடும்பப் படம் ஒன்றை எடுத்து, ஒவ்வொருவர் படத்துக்குக் கீழும் உறவுச் சொல்லை எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.

11. சந்தேகம் இருந்தால் 'மீரு': நுவ்வு என்றால் நீ, மீரு என்றால் நீங்கள். பழகாதவர் எவரானாலும் 'மீரு'வில் தொடங்குங்கள். ஏவலில் 'அண்டி' சேர்த்தால் மரியாதை வந்துவிடும்: ரண்டி (வாருங்கள்), கூர்ச்சோண்டி (உட்காருங்கள்), தினண்டி (சாப்பிடுங்கள்). சின்னக் குழந்தைகளிடம் மட்டும் ரா, தினு. குழந்தைகளிடம் கேட்டதை அப்படியே பெரியவர்களிடம் சொல்லிவிடாமல் கவனமாக இருங்கள்.

12. வாக்கியத்தைக் கலைக்காமல் சொல்லை மாற்றுங்கள்: ஆங்கிலத்தில் இல்லாத வசதி தெலுங்கில் நமக்கு உண்டு. 'நான் நாளைக்குப் புத்தூருக்கு பஸ்ஸில் போவேன்' என்பது 'நேனு ரேபு புத்தூருகி பஸ்ஸுலோ வெள்தானு'. வரிசை அப்படியே இருக்கிறது. தமிழின் 'கு' தெலுங்கில் கு அல்லது கி. 'இல்' என்பது லோ. 'ஓடு' என்பது தோ. 'இருந்து' என்பது நுஞ்சி. நாம், நாங்கள் என்ற வேறுபாடுகூட 'மனம்', 'மேமு' என்று அப்படியே உண்டு. எனவே ஒரு வாக்கியத்தைச் சரியாகக் கற்றுக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் பத்து வாக்கியம் சொல்லிப் பாருங்கள்: ரேபுக்கு பதில் ஈரோஜு (இன்று), புத்தூருக்கு பதில் திருப்பதி. துவைக்கும் நேரம் இதற்குத் தோதானது.

13. 'அவள் வந்தாள்' என்பதில் கவனம்: தமிழர் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். அவன் வந்தான் 'அதனு வச்சாடு'. அவள் வந்தாள் 'ஆமெ வச்சிந்தி'. பஸ் வந்தது 'பஸ்ஸு வச்சிந்தி'. ஒருமையில் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் ஒரே வினைமுற்று. மரியாதை வேண்டும்போது 'அத்தகாரு வச்சாரு' என்று பன்மைக்குப் போய்விட வேண்டும். மூத்த பெண்களைப் பற்றிப் பேசும்போது இந்த 'ஆரு' முடிவை இப்போதே பழகிக்கொள்ளுங்கள். 'வச்சாடு' என்று புத்தகத்தில் இருப்பது இந்தப் பக்கப் பேச்சில் 'வச்சினாடு' என்று காதில் விழும், இரண்டும் ஒன்றே.

14. மூன்று மறுப்புச் சொற்கள்: லேது என்றால் இல்லை, காது என்றால் அல்ல, வத்து என்றால் வேண்டாம். 'காபி லேது' (காபி இல்லை), 'இதி காபி காது' (இது காபி அல்ல), 'காபி வத்து' (காபி வேண்டாம்). பேச்சுத் தமிழில் 'அல்ல' தேய்ந்துவிட்டதால் நமக்கு லேதுவே எல்லா இடத்திலும் வரும். மோர், சர்க்கரை என்று பொருளை மாற்றி மாற்றி மூன்றையும் ஒன்றாகச் சொல்லிப் பழகுங்கள்.

15. ஏமாற்றும் சொற்களுக்குத் தனிப் பக்கம்: ஒரே ஒலி, வேறு பொருள். எந்த என்றால் எவ்வளவு. பெத்த என்றால் பெரிய. பிள்ள என்றால் பெண் பிள்ளை. ஆடு என்றால் விளையாடு. மந்தி என்றால் ஆட்கள். 'பதி மந்தி' என்றால் பத்துப் பேர். கதா என்றால் 'அப்படித்தானே?'. அம்மு என்றால் விற்பது. நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பின்னாலிருந்து திருப்பி, இப்படிப்பட்ட சொற்களைச் சிவப்பு மையில் எழுதுங்கள். கேட்டவுடன் குறித்துக்கொள்வது முக்கியம், இரவுக்குள் மறந்துவிடும்.

16. தமிழில் எழுதும்போது எண் போடுங்கள்: தெலுங்கில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் நான்கு ஒலி உண்டு. தமிழ் எழுத்தில் அப்படியே எழுதினால் 'கோடி' என்பது நூறு லட்சமா, கோழியா என்று தெரியாது. கோழி என்னும்போது 'டி' நம் வாயில் இயல்பாக வருகிற மெல்லிய ஒலி. நூறு லட்சம் என்னும்போது 'பட்டி'யில் வருகிற வல்லொலி. நம் வீட்டுச் சுலோகப் புத்தகங்களில் இதற்கு வழி இருக்கிறது: க, க², க³, க⁴. அதையே பின்பற்றி, நூறு லட்சத்தைக் கோடி என்றும் கோழியைக் கோடி³ என்றும் எழுதுங்கள். தெலுங்குப் பாடத்தைத் தமிழ் எழுத்துக்கு மாற்ற 'அக்ஷரமுகா' என்ற இலவசக் கருவி இணையத்தில் உள்ளது; அதுவும் இந்த எண்களைப் போட்டுத் தரும்.

17. செல்போனையே பரிசோதகராக்குங்கள்: ஜிபோர்டு விசைப்பலகையில் தெலுங்கைச் சேர்த்து, மைக் படத்தைத் தொட்டுப் பேசுங்கள். நீங்கள் கோழி என்று சொன்னது கோடி ரூபாயாகத் திரையில் வந்தால் உச்சரிப்பு சரியில்லை என்று அறிந்துகொள்ளலாம். வந்த எழுத்தை கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழாக மாற்றிப் பார்த்தால் எழுத்துத் தெரியாத நாளிலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். மொழிபெயர்ப்புக் கருவி தரும் வாக்கியத்தை மட்டும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒருமுறை கேட்டுச் சரிபாருங்கள்.

18. எழுத்துக்குத் தட்டும் பச்சரிசியும்: அட்சராப்பியாசத்தில் குழந்தை கையைப் பிடித்து எழுத வைப்பதுபோல, ஒரு தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி விரலால் எழுதுங்கள். எழுத்துகளின் வரிசை நமக்குப் பழகியதுதான்: முதலில் உயிர், பிறகு ககர வர்க்கம். ஒரே சாயலில் இருப்பவற்றைச் சேர்த்துப் பழகினால் குழப்பம் தீரும். மூன்றை முதலில் கவனியுங்கள். எழுத்தின் தலையில் வரும் சிறு கொக்கி 'தலகட்டு'. வரிக்குள் வரும் வட்டம் 'சுன்ன'. ங், ஞ், ண், ந், ம் என்று நாம் தனித்தனியாக எழுதும் மெல்லொலிகளுக்கெல்லாம் அந்த ஒரு வட்டமே போதும். மெய்யோடு சேரும் அடுத்த மெய் 'ஒத்து' என்ற பெயரில் கீழே தொங்கும்.

19. பலகைகளைப் படியுங்கள்: திருமலையில் தேவஸ்தான அறிவிப்புகள் தெலுங்கிலும் தமிழிலும் பக்கம் பக்கமாக இருக்கும். வரிசையில் நிற்கும் நேரத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ரயிலில் போகிறவர்களுக்கு அரக்கோணம்–ரேணிகுண்டா பாதை அருமையான பயிற்சி: நகரி, ஏகாம்பரகுப்பம், வேபகுண்டா, புத்தூர் என்று தெரிந்த பெயர்களையே தெலுங்கில் படிக்கலாம். இந்தியாவின் மிக நீளமான நிலையப் பெயர்களில் ஒன்றான வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டயும் இதே பாதையில்தான் வருகிறது. அந்த ஒரு பலகையைத் தடுமாறாமல் படித்துவிட்டால் பாதி எழுத்து கைவசம். பலகையைப் படம் எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் எழுதிப் பாருங்கள்.

20. அம்புலிமாமாவும் சந்தமாமாவும்: நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் சென்னையிலிருந்து இந்தக் குழந்தைகள் இதழைத் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கினார்கள். அதே கதைகள், அதே படங்கள். பழைய இதழ்கள் இணையத்தில் கிடைக்கின்றன. விக்கிரமாதித்தனும் வேதாளமும் வரும் கதையைத் தமிழில் படித்துவிட்டுத் தெலுங்கில் எடுத்தால் அகராதி அதிகம் தேவைப்படாது. பக்தி வாசிப்பில் விருப்பமுள்ளவர்களுக்குத் தேவஸ்தானத்தின் 'சப்தகிரி' மாத இதழ் இரண்டு மொழியிலும் வருகிறது. இரண்டும் கனமாகத் தோன்றினால் ஆந்திர அரசின் ஒன்றாம் வகுப்புத் தெலுங்குப் பாடநூலில் தொடங்குங்கள்.

21. கல்யாணப் பத்திரிகையில் சொல் அட்டை: வீட்டில் சேர்ந்துகிடக்கும் பழைய பத்திரிகைகளின் கெட்டி அட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு. படித்ததை எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்பதை ஜெர்மானியரான எபிங்ஹௌஸ் 1885இலேயே தன்மேல் சோதித்து அளந்து எழுதினார். மறக்கத் தொடங்கும் நேரத்தில் நினைவுபடுத்தினால் சொல் தங்கும். 1972இல் செபாஸ்டியன் லைட்னர் இதற்கு எளிய பெட்டி முறை ஒன்றைச் சொன்னார். நான்கு டப்பாக்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டப்பா தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை, நான்காவது மாதம் ஒருமுறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த டப்பாவுக்கு. தவறினால் மறுபடி முதல் டப்பாவுக்கு. ஒரு நாளைக்கு ஐந்து புதிய சொல்லுக்கு மேல் சேர்க்காதீர்கள்.

22. அதே முறை செல்போனில்: அட்டை வெட்ட நேரமில்லாதவர்களுக்கு 2006இல் வந்த 'அங்கி' செயலி உண்டு. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். எந்த அட்டை எப்போது வர வேண்டும் என்பதை அதுவே கணக்கிடும். பிறர் செய்த அட்டைக் கட்டுகளை இறக்குவதைவிட, சந்தையிலும் பஸ்ஸிலும் நீங்களே கேட்ட சொற்களைக் கொண்டு சொந்தமாகச் செய்வது நல்லது. தனிச் சொல்லாக எழுதாமல், அது வரும் சிறு வாக்கியமாக எழுதுங்கள்.

23. அகராதியும் ஒரு முன்னோடியும்: சார்லஸ் பிலிப் பிரவுன் என்ற ஆங்கிலேயர் 1820இல் கடப்பைக்கு வேலைக்குப் போனார். தெலுங்கைக் கற்று, தெலுங்குக் கவி வேமனரின் பாடல்களைத் தேடித் திரட்டி 1829இல் மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். 1852இல் அவருடைய தெலுங்கு–ஆங்கில அகராதி வெளிவந்தது. சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் அதை இலவசமாகத் தேடலாம். 'ஆந்த்ரபாரதி' தளத்தில் பல தெலுங்கு அகராதிகளை ஒரே இடத்தில் பார்க்கலாம். பிரவுன் வழியில் நாமும் வேமனர் பாடல் ஒன்றை வாரம் ஒன்றாக மனப்பாடம் செய்யலாம். சிறியவை, பழமொழி போலப் பேச்சில் புழங்குபவை. சரியான இடத்தில் ஒன்றைச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

24. வேலைச் சொற்களுக்கு முன்னுரிமை: நாராயணவனம், புத்தூர், நகரி மூன்றும் தறி ஓடும் ஊர்கள். தறி வேலைக்கு வருபவர்களுக்கு மக்கம் (தறி), நூலு (நூல்), ரங்கு (சாயம்), சீர (சேலை) முதலில் வேண்டும். பஸ் பயணத்துக்கு 'ஈ பஸ்ஸு திருப்பதிகி வெள்துந்தா?' (இந்த பஸ் திருப்பதிக்குப் போகுமா?), 'நேனு புத்தூருலோ திகாலி' (நான் புத்தூரில் இறங்க வேண்டும்), 'ஆபண்டி' (நிறுத்துங்கள்). மருத்துவமனை, பள்ளி, ரேஷன் கடை என்று நீங்கள் போகும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, போவதற்கு முந்தைய இரவு அந்தப் பக்கத்தை ஒருமுறை படியுங்கள்.

25. பேச்சுப் பண்டமாற்று: பக்கத்து வீட்டில் தமிழ்ப் படம் பார்க்கிற, தமிழ் கற்க ஆசைப்படுகிற ஒருவர் நிச்சயம் இருப்பார். பூக்கட்டும்போதோ பருப்பு புடைக்கும்போதோ கால் மணி நேரம் தெலுங்கில் மட்டும், அடுத்த கால் மணி நேரம் தமிழில் மட்டும் என்று பேசிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தவறையும் திருத்த வேண்டாம், இறுதியில் இரண்டைச் சொன்னால் போதும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அப்போதுதான் வாய் கட்டாது. மாதம் ஒருமுறை இரண்டு நிமிடம் பேசிச் செல்போனில் பதிவு செய்து தேதியோடு சேமியுங்கள். மூன்று மாதம் கழித்து முதல் பதிவைக் கேட்டால் முன்னேற்றம் காதிலேயே தெரியும்.

26. ஜப்பானியத்துக்கும் இதே வழி: சத்தியவேடு பக்கத்தில் இருக்கும் ஸ்ரீசிட்டியில் இசுசு, டைகின், கோபெல்கோ போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் இருப்பதால், அந்த மொழியைக் கற்க விரும்பும் இளைஞர்களும் இருப்பார்கள். ஜப்பானியத்திலும் வினை கடைசியில்தான் வரும்; வேற்றுமை உருபைப் போன்ற சிறு சொற்கள் பெயருக்குப் பின்னால்தான் நிற்கும். எனவே ஆங்கிலம் வழியாக யோசிக்காமல் தமிழிலிருந்தே நேராக வாக்கியம் அமைத்துப் பாருங்கள். ஹிரகானா அடிப்படை எழுத்து 46, கதகானா 46. தாம்பாளத்து அரிசியும் பத்திரிகை அட்டையும் இங்கும் உதவும். ஜப்பானிய மொழித் திறனுக்கான ஜே.எல்.பி.டி. தேர்வு என்5 முதல் என்1 வரை ஐந்து படிகளாக ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. சென்னையிலும் மையம் உண்டு. ஒரு தேர்வுத் தேதியை முன்னால் வைத்துக்கொண்டால் படிப்பு தளராது.

27. தமிழை விட்டுவிடாதீர்கள்: பள்ளிக்குப் போகும் பிள்ளை தெலுங்கு எழுத்தை உங்களுக்கு முன்பே கற்றுவிடும். அதன் பாடநூலை வைத்துக்கொண்டு அதனிடமே கற்றுக்கொள்ளுங்கள். பதிலுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் தமிழ் எழுத வையுங்கள். தாத்தா பாட்டிக்குச் செல்போனில் தமிழில் செய்தி அனுப்பும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். பால் கணக்கு, மளிகைப் பட்டியல் எழுதுவதை ஒரு மாதம் தெலுங்கில், ஒரு மாதம் தமிழில் என்று மாற்றிக்கொள்ளுங்கள். கற்றுத் தருகிறோம் என்ற பெருமையில் பிள்ளை இரண்டு மொழியையும் விரும்பிப் படிக்கும். தெலுங்கு பேசும் ஊரில் வளரும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுத்தரும் கடமை பெற்றோராகிய நமக்கே உரியது.